பலகையடியில் நின்று குரல் கொடுத்த எங்கள் அண்ணன்

முதலில் அச்சுக் கோர்க்கும் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். நான்காம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவன் நான். பெரிய றகரம் எங்கே வரும், சின்ன ரகரம் எங்கே வரும் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். தப்பு இருந்தால் அவரே திருத்திக்கொள்ள வேண்டும். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் சிநேகிதர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் உறவில் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவன். ஆனால் அண்ணி, "கூட நின்னு வேலை செஞ்சவரு நீங்கதானே, நீங்களே எழுதுங்க" என்று சொல்லிவிட்டார்கள். பல தடவை காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் கால் ஆடுகிறது, எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். தெருவில் ஏதாவது லாரி பின்னுக்கு வரும் சத்தம் கேட்டால் எழுதிய வரி மறந்துபோகிறது. இப்போதாவது முடித்துவிட வேண்டும். அண்ணனின் வருஷத் திதி நெருங்கிவிட்டது.

எங்கள் அண்ணன் பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில். எங்கள் தகப்பனாருக்குப் பூர்வீகம் வட ஆற்காடு ஜில்லா. சுரங்கத்துக்குள் வேலை செய்தவர். மார்நோயால் காலமானார். வேலை செய்கிறவர் போனபின் லைன் வீட்டில் இருக்க முடியாது என்பதால், தாயார் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பெங்களூர் ஒக்கலிபுரத்துக்கு வந்தார்கள். சின்னம்மா வீடு அங்கே இருந்தது. அண்ணன் அப்போதே விறகு டிப்போவில் கட்டை சுமக்கப் போய்விட்டார். நான் நாலாம் வகுப்பு வரையில் படித்தது அவர் சுமந்த கட்டையால்தான். அவர் ஒன்றாம் வகுப்பைக்கூட முடிக்கவில்லை.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அண்ணன் லாரி பார்சல் கம்பெனியில் சுமை தூக்கும் ஹமாலியாகச் சேர்ந்தார். கொஞ்ச நாளில் என்னையும் சேர்த்துவிட்டார். நாங்கள் ஆறு பேர் ஒரு ஜமா. கம்பெனிக் கணக்கில் எங்கள் பெயர் கிடையாது. எத்தனை ஆள் என்று பார்த்து, வண்டிக்கு இவ்வளவு என்று ஜமாவுக்கு மொத்தமாகத்தான் கூலி. ஒருவருக்கு ஜுரம் என்றால் அவர் சுமையை மற்றவர்கள் சுமக்க வேண்டும். அடிபட்டால் கம்பெனிக்குச் சம்பந்தம் இல்லை.

விடியும்போது மதராஸ் வண்டி வரும். அதை இறக்கி முடிப்பதற்குள் பம்பாய்ப் பக்கம் போகிற வண்டி ஏற்றலுக்கு வந்து நிற்கும். துணி பேல், இரும்புச் சாமான் பெட்டி, ஊதுபத்திக் கட்டு, காகித ரீம், பீடி இலை மூட்டை. துணி பேல்தான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருப்பார்கள், அந்தப் பட்டை முதுகை அறுக்கும். அதற்காகக் கோணிச் சாக்கை மடித்துத் தலையில் மாட்டி முதுகுவரை தொங்கவிட்டுக்கொள்வோம். கோடவுனுக்குத் தகரக் கூரை. குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றால் எதிர்ச் சந்தில் இருந்த குழாய்க்குப் போக வேண்டும். போனால், "வண்டி நிக்குது, நீ எங்கே போறே?" என்பார்கள். லாரி டிரைவர் ரேடியேட்டருக்கு வைத்திருக்கும் டின் தண்ணீரைத்தான் பல நாள் குடித்தோம். சாப்பாடும் ஒருவர் மாற்றி ஒருவர் நின்றபடிதான். அண்ணன் வீட்டிலும் நின்றுகொண்டே சாப்பிட்டுப் பழகிவிட்டார். "உக்காந்து துன்னா இன்னா, வண்டியா கெளம்பிடும்?" என்று தாயார் திட்டுவார்கள். அவரால் உட்கார முடிந்ததில்லை.

இப்போது பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்களில் பலர் கோடவுன் பக்கம் வந்ததில்லை.

தரையிலிருந்து லாரி மேலே சாய்வாக ஒரு நீளப் பலகை போட்டிருக்கும். அகலம் குறைவு. ஆள் ஏறினால் நடுவில் வளைந்து துள்ளும். அந்தத் துள்ளலுக்கு ஏற்றபடி காலை வைத்து ஏற வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு பேர் ஏறினால் ஒருவர் அடி மற்றவர் அடியைத் தூக்கி எறிந்துவிடும். முதுகில் பேலும் தலையில் சாக்கும் இருக்கிறவருக்குத் தன் கால் கட்டைவிரலைத் தவிர ஒன்றும் தெரியாது. முன்னால் போனவர் லாரிக்குள் போய்விட்டாரா, இன்னும் பலகையில்தான் இருக்கிறாரா என்று அவர் எப்படிப் பார்ப்பார்? அதற்குத்தான் குரல்.

எங்கள் ஜமாவில் குரல் கொடுத்தவர் அண்ணன். அவர் பலகையடியில் நிற்பார். பேலை முதுகில் ஏற்றிவிடுவார். ஆள் பலகையில் காலை வைத்ததும், "பர்லி... பர்லி... பர்லி..." என்று ஆரம்பிப்பார். கன்னடத்தில் வரட்டும் என்று அர்த்தம். அந்த ஆள் லாரிக்குள் கால் வைக்கும்வரை குரல் நிற்காது. குரல் கேட்கிறது என்றால் பலகையில் ஆள் இருக்கிறது. குரல் நின்றுவிட்டால் பலகை காலி, அடுத்தவர் ஏறலாம். பெங்களூரில் எந்தக் கோடவுனிலும் வழக்கம் இதேதான்.

வெறும் பர்லி மட்டும் சொல்ல மாட்டார். முனுசாமி ஏறினால், "வர்றாரு ஜீவனஹள்ளி மாப்ளே, பர்லி, மாமியா வூட்டுக் கோழிய துன்ட்டு வர்றாரு, பர்லி, அதான் பலக வளயுது, பர்லி..." என்று இழுப்பார். முனுசாமி சாக்குக்குள்ளிருந்தே, "கோழி இல்லண்ணே, கருவாடு!" என்பார். எங்களில் மூத்தவர் கரீம் பாய். அவர் ஏறும்போது அண்ணன் கிண்டல் பண்ண மாட்டார். "பாய் சாப் வர்றாரு, நெதானமா, பர்லி, அவசரம் இல்ல, பர்லி" என்று மெதுவாக இழுப்பார். அவர் கால் எவ்வளவு மெதுவாகப் போகிறதோ அவ்வளவு மெதுவாகக் குரலும் போகும். நான் லாரிக்குள் நின்று பேலை வாங்கி அடுக்குகிறவன். எனக்கு அந்த வேலையைக் கொடுத்ததும் அண்ணன்தான். அங்கே பேச வேண்டியது ஒன்றும் இல்லை.

பத்து வருஷம் கழித்துக் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சுறுசுறுப்பானவர். வியாபாரம் பெருகியிருந்தது. தீபாவளி சமயத்தில் வண்டிக்குப் பின் வண்டி வந்தது. அவர் மாடி வராந்தாவில் நின்று இரண்டு மூன்று நாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீழே வந்தார்.

"ஜமாவுல எத்தனை பேர்?"

"ஆறு பேருங்கய்யா" என்றார் அண்ணன்.

"முதுகு நாலுதான் தெரியுது. ஒருத்தன் வண்டிக்குள்ள அடுக்கறான், சரி. நீ என்ன பண்றே?"

"குரல் குடுக்கறேனுங்க."

"அதைத்தான் கேக்கறேன். சும்மா நின்னு கத்தறதுக்கு ஒரு ஆளா?"

முனுசாமி குறுக்கே புகுந்து, "சும்மா இல்லீங்கய்யா, அண்ணன் வாய மூடினா வண்டி நின்னுடும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். மேனேஜரும் கொஞ்சம் சிரித்தார். ஆனால் மறுநாள் காலையில் ஒரு தண்டவாளத் துண்டைக் கூரைக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்து அதை அடிப்பார். ஒவ்வொரு மணிக்கும் ஒரு ஆள் ஏற வேண்டும். அண்ணனும் சுமக்க வேண்டும்.

அண்ணன் மேனேஜரிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மணிக்குக் கண் இல்லை என்றார். பாய் மெதுவாகப் போகிறவர், அவர் பலகையில் இருக்கும்போதே மணி அடித்தால் என்ன ஆகும் என்று கேட்டார். மேனேஜர், "அவர் வேகமாப் போகணும். முடியலைன்னா வேற ஆளைச் சேத்துக்கோ. இனிமே கத்தல் வேண்டாம், மாடியில டெலிபோன் பேச முடியல" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. துண்டை உதறினார். "மணிதானே வேணும்? மணியே பேசட்டும்" என்று சொல்லி, சாக்கை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்.

அன்றைக்கு அவர் வாய் திறக்கவில்லை. கோபம்தான். குரல் இல்லாமல் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கட்டும் என்று நினைத்திருப்பார். முதலில் ஒன்றும் ஆகவில்லை. மணி அடித்தது, ஏறினார்கள், இறங்கினார்கள். அந்தக் கோடவுன் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. உள்ளே பேலை அடுக்கிக்கொண்டே எப்போது அடுத்த மணி வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

கரீம் பாய் பலகையின் நடுவில் இருந்தபோது மணி அடித்தது. அவருக்குப் பின்னால் முனுசாமி. மணி கேட்டது. அது மட்டும் என்றால் நின்றிருப்பார். காதைக் கொடுத்துக் கேட்டிருக்கிறார், குரல் இல்லை. குரல் இல்லை என்றால் பலகை காலி. பத்து வருஷமாகக் காலுக்குப் பழகின வழக்கம். ஏறிவிட்டார். எனக்கு முதுகுப் பக்கம் பலகை அடித்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது பலகைமேல் யாரும் இல்லை.

முனுசாமி பேலைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் குதித்துத் தப்பினார். பாய் பலகைக்குக் கீழே தரையில் கிடந்தார். பேல் அவர் இடுப்பின்மேல் இருந்தது. அண்ணன் ஒரே ஆளாக அந்தப் பேலைப் புரட்டினார். மூன்று பேர் தூக்குகிற பேல். பாயை ஜட்கா வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

திரும்பி வந்ததும் அண்ணன் பலகையடியில் போய்த் தரையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். முனுசாமி பக்கத்தில் நின்று அழுதார். "குரல் இல்லண்ணே. அதான் காலின்னு நெனச்சுட்டேன்."

"ஆமாண்டா. குரல் இல்ல" என்றார் அண்ணன்.

மேனேஜர் வந்தார். மணி சரியாகத்தான் அடித்தது, வரிசை தவறினது உங்கள் ஆள் என்றார். மத்தியானத்துக்குள் வண்டி கிளம்ப வேண்டும் என்றார்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. "ஐயா, நான் வாய மூடினது என் தப்பு. அத நான் ஒத்துக்கறேன். இத தொங்கவுட்டது உங்க தப்பு. நீங்க இத எறக்குங்க, நான் எந்திரிக்கறேன்."

"எறக்கலைன்னா?"

"எறக்கலன்னா நாங்க உக்காந்துகினு இருப்போம்."

நாங்களும் உட்கார்ந்தோம். மேனேஜர் மார்க்கெட்டிலிருந்து வேறு ஜமாவைக் கூட்டி வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அவ்வளவுதான், எங்கள் பிழைப்பு போயிற்று என்று நினைத்தேன். அண்ணிக்கு அப்போது சின்ன மகள் கைக்குழந்தை. வீட்டில் போய் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

புது ஜமா வந்தது. அவர்களுடைய மேஸ்திரி கன்னடக்காரர், பருமனான ஆள். பலகையைக் காலால் மிதித்துப் பார்த்தார். பிறகு, "கூகோரு யாரு?" என்று கேட்டார். குரல் கொடுப்பவர் யார் என்று அர்த்தம். குமாஸ்தா தண்டவாளத் துண்டைக் காட்டினார். மேஸ்திரி அதைப் பார்த்தார். பலகை ஓரத்தில் கிடந்த பாயின் சாக்கைப் பார்த்தார். தன் ஆட்களைப் பார்த்து ஏதோ சொன்னார். பிறகு எங்கள் அண்ணன் பக்கத்தில் வந்து துண்டை விரித்து உட்கார்ந்து, "பீடி இதியா அண்ணா?" என்று கேட்டார். அண்ணன் பீடியைக் கொடுத்தார். மத்தியானம் வரையில் பதினோரு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். துணி வியாபாரிகள் வாசலில் வந்து சத்தம் போட ஆரம்பித்ததும் மேனேஜர் மணியை நிறுத்தச் சொன்னார்.

ஜெயித்துவிட்டோம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மணி நின்றது, அண்ணன் மறுபடியும் பலகையடியில் நின்றார். ஆனால் பாயின் இடத்துக்கு வேறு ஆளைச் சேர்க்கக் கம்பெனி ஒப்பவில்லை. நாலு முதுகு சுமந்ததை மூன்று முதுகு சுமந்தது. தண்டவாளத் துண்டையும் கழற்றவில்லை. அடிக்காமல் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் அது கூரைக் கம்பியில் இடித்தால் அண்ணன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

அதற்குப் பின் அண்ணனால் பேசாமல் இருக்க முடியவில்லை. வீட்டில் அண்ணி தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், "பர்லி, பர்லி" என்பார். பெண் பிள்ளைகள் ரயில் பாதையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகும்போது இந்தப் பக்கம் நின்று, அவர்கள் அந்தப் பக்கம் ஏறும்வரை குரல் கொடுப்பார். அண்டை வீட்டார் சிரிப்பார்கள். பெரிய பெண்ணுக்கு வெட்கம், "நைனா, சும்மா இருங்க" என்று கெஞ்சும். தூக்கத்திலும் முணுமுணுப்பார். குரல் நின்றால் யாரோ விழுந்துவிடுவார்கள் என்ற பயம் அவரை விடவே இல்லை.

கரீம் பாய்க்கு இடுப்பு கூடி வந்தது, ஆனால் கோல் இல்லாமல் நடக்க முடியாது. வீட்டிலேயே கோணிச் சாக்கு தைத்துக் கொடுக்கிறார். வாரம் தவறாமல் அண்ணன் அவரைப் போய்ப் பார்ப்பார். ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். அண்ணன் குனிந்துகொண்டு, "பாய், அன்னிக்கு நான் கத்தியிருக்கணும்" என்றார். இதை அதற்கு முன்னும் பல தடவை சொல்லியிருப்பார் போலிருக்கிறது. பாய், "அரே, வுடுப்பா. இத்தினி வருஷத்துல நீ வாய மூடினது ஒரே நாளு. அன்னிக்கிதான் என் காது சுகமா இருந்துச்சு" என்றார். பாயின் சம்சாரம் உள்ளேயிருந்து சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. டீயை நின்றுகொண்டே குடித்துவிட்டுக் கிளம்பினார்.

போன வருஷம் தீபாவளிச் சுமை முடிந்த கையோடு அண்ணனுக்கு மார்வலி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பேசக் கூடாது, அசையக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அவரிடம் போய் அதைச் சொன்னால் எப்படி? வார்டில் யாராவது ஸ்டிரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தால் தலையைத் தூக்கிப் பார்ப்பார். உதடு அசையும். நர்சம்மா, "பேசாதீங்க பெரியவரே" என்பார்கள். பேசவில்லை என்று தலையை ஆட்டுவார். கண் மட்டும் அந்த ஸ்டிரெச்சர் கதவைத் தாண்டும்வரை பின்னாலேயே போகும். கடைசிக் காலையில் அண்ணி, பிள்ளைகள், நான் எல்லோரும் பக்கத்தில் இருந்தோம். என் கையைப் பிடித்து, "வண்டி போயிடுச்சா?" என்று கேட்டார். போய்விட்டது என்றேன். அது பொய். எந்த வண்டி என்றே எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்தார்.

அந்தச் சமயத்தில் உதவி செய்தவர்கள் பலர். இரண்டு இரவு கண் விழித்த முனுசாமிக்கும், கோல் ஊன்றிக்கொண்டு மயானம் வரையில் நடந்தே வந்த கரீம் பாய்க்கும், பாடைக்குத் தோள் கொடுக்க ஜமாவோடு வந்த மார்க்கெட் மேஸ்திரிக்கும், அண்ணிக்கு ஜீவனஹள்ளியிலிருந்து தினமும் சாப்பாடு கொண்டுவந்த அவர் தமக்கைக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த மலரை அச்சிட்டுத் தரும் அச்சக முதலாளிக்கும் வணக்கம். அவருடைய காகித ரீம்களை அண்ணன் பல வருஷம் இறக்கியிருக்கிறார். "உங்க அண்ணனுக்கு இதுகூடச் செய்யலேன்னா எப்படி?" என்று அவரே வந்து கேட்டார்.

இதோடு முடித்திருக்க வேண்டும். முடிக்க முடியவில்லை, இன்னும் ஒன்று இருக்கிறது. அண்ணன் காரியம் முடிந்து நாங்கள் வேலைக்குப் போன அன்றைக்கே கம்பெனியில் மறுபடியும் மணி அடித்தார்கள். நின்று கத்துகிற ஆள்தான் இல்லையே, இனி அந்த இடம் எதற்கு என்றார்கள். நாங்கள் மணிக்கு ஏறவில்லை. சுமக்கிறவர்களே நாளுக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டு பலகையடியில் நிற்கிறோம். அடுக்குகிற எனக்கும் ஒரு முறை உண்டு. மேனேஜர் வராந்தாவிலிருந்து பார்க்கிறார். எந்த நாள் குரல் தடுமாறுகிறதோ அந்த நாளைச் சாக்காக வைத்து அந்த இடத்தை எடுத்துவிடுவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்த ஒரு வருஷமாக என் முறையை முனுசாமி எடுத்துக்கொண்டு, "நீ உள்ள போ தம்பி, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவந்தார். தன் சுமைக்கு மார்க்கெட் ஜமாவில் ஒரு ஆளைச் சொல்லிவிட்டு அவர் மச்சினன் கல்யாணத்துக்கு நேற்று ஊருக்குப் போய்விட்டார். நாளைக்குத் திங்கட்கிழமை, இரண்டு வண்டி. பலகையடியில் நான் நிற்கிறேன்.

ஒக்கலிபுரம், பெங்களூர்
ஞாயிற்றுக்கிழமை, 8-11-1964